தையல் அறைக்கு ஒரு மேசை: வெட்டவும் தேய்க்கவும்

தரையில் பாய் விரித்து, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, குனிந்து வெட்டித்தான் நம்மில் பலரும் தையல் கற்றுக்கொண்டோம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நானும் பதினோரு வருஷம் அப்படித்தான் வெட்டினேன். தேய்ப்பதற்குக் கட்டில். மெத்தை மேல் பழைய போர்வையை விரித்து அதன் மேல் அயர்ன் பாக்ஸை ஓட்டுவேன். ஜாக்கெட் ஒழுங்காக உட்காரவில்லை என்றால் மிஷின் மேல் சந்தேகம் வரும், அளவின் மேல் சந்தேகம் வரும், கட்டில் மேல் ஒரு நாளும் வந்ததில்லை. மெத்தையில் தேய்த்த துணி பார்வைக்கு நேராக இருந்தாலும் உள்ளே அலை அலையாகவே இருக்கும். அதை வெட்டினால் முன்பாகத்தில் ஒரு பக்கம் கால் அங்குலம் கூடிவிடும். இதெல்லாம் மேசை வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

புதிதாகத் தைக்க ஆரம்பித்திருப்பவர்கள் மிஷினுக்குச் செலவழிக்கத் தயங்குவதில்லை. மேசையை மட்டும் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுகிறார்கள். தள்ளிப் போடாதீர்கள். 8-க்கு 4 அடி பிளைவுட் ஒன்றே ஒன்று வாங்கினால் வெட்டும் மேசை, அதன் மேல் எடுத்து வைக்கும் தேய்ப்புப் பலகை, கீழ்த் தட்டு, கை தேய்க்கும் சின்னப் பலகை எல்லாம் அதிலேயே வந்துவிடும். அதைச் செய்யும் விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்களை அளந்துகொள்ளுங்கள்

மேசை செய்ய வந்த ஆசாரி அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "உயரம் எவ்வளவு வைக்கலாம் தங்கச்சி?"

"டைனிங் டேபிள் அளவு போதும்ணே."

அவர் டேப்பை மடக்கினார். "ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைக்கிற. உன் மேசைக்கு அளவெடுக்க வேணாமா? நேரா நில்லு, கையை மடக்கு" என்றார்.

அவர் சொன்னபடியே நீங்களும் நில்லுங்கள். அறையில் வெறுங்காலோடு நிற்பீர்கள் என்றால் வெறுங்காலோடு, செருப்புப் போடுவீர்கள் என்றால் செருப்போடு. முழங்கையை மடக்கி, முன்கை தரைக்கு நேராக இருக்கும்படி நீட்டுங்கள். தரையிலிருந்து முழங்கை வரை வேறொருவர் அளக்கட்டும். அதில் 4 முதல் 6 அங்குலம் கழித்தால் உங்கள் மேசையின் உயரம். என் உயரம் 5 அடி 2 அங்குலம், முழங்கை வரை 39 அங்குலம். வெட்ட மட்டும் என்றால் 35 வைத்திருப்பேன். ஆனால் தேய்க்கும்போது தோளின் எடை அயர்ன் பெட்டி மேல் இறங்க வேண்டும். அதோடு மேசை மேல் வைக்கும் தேய்ப்புப் பலகையும் அதில் விரிக்கும் கம்பளியும் சேர்ந்து ஓர் அங்குலத்துக்கு மேல் ஏறிவிடும். அதனால் 34-ல் நிறுத்தினோம். டைனிங் டேபிள் பெரும்பாலும் 30 அங்குலம்தான் இருக்கும். தீபாவளி நேரத்தில் ஒரு நாளைக்கு ஏழு எட்டு ஜாக்கெட் வெட்டும்போது அந்த 4 அங்குலத்தின் அருமை இடுப்புக்குத் தெரியும்.

வீட்டில் இரண்டு பேர் தைக்கிறீர்களா? உயரமானவரின் அளவுக்கு மேசை போட்டு, மற்றவர் ஏறி நிற்க அகலமான மணைப்பலகை ஒன்று செய்துகொள்ளுங்கள். பலகையில் ஏறி நிற்கலாம், குனிந்தே நிற்க முடியாது.

இப்போதைக்கு மேசை செய்ய வசதியில்லை என்றால் இருக்கிற டைனிங் டேபிளின் கால்களுக்கு அடியில் 4 அங்குல மரக்கட்டைகளை வையுங்கள். கால் நழுவாமல் உட்கார ஒவ்வொரு கட்டையிலும் அரை அங்குலம் குழி வெட்டச் சொல்லுங்கள். செங்கல் மட்டும் வேண்டாம். பெட்டியை அழுத்தித் தேய்க்கும்போது அது நகரும்.

அடுத்து துணியின் அளவு

மேசையின் நீள அகலத்தைத் துணிதான் முடிவு செய்ய வேண்டும். கடையில் கிடைக்கும் துணிகள் பெரும்பாலும் 36, 44, 58 அங்குல அகலத்தில் வருகின்றன. நடுவில் மடித்தால் 18, 22, 29. ஆக, 30 அங்குல அகலம் இருந்தால் எந்தத் துணியும் மடித்த நிலையில் முழுசாக மேசை மேல் படியும். அதற்கு மேல் போனால் எதிர்ப்பக்கம் கை எட்டாது, ஒவ்வொரு தடவையும் சுற்றிப் போக வேண்டும்.

நீளத்துக்கு நைட்டியைக் கணக்கில் வையுங்கள். வீட்டுத் தையலில் அதிக நீளமாக வெட்டுவது அதைத்தான், 54-லிருந்து 56 அங்குலம். சுடிதார் டாப்பும் பேன்ட்டும் அதற்குள் அடங்கிவிடும். எனவே 60 அங்குலம், அதாவது 5 அடி போதும். ஐந்தரை மீட்டர் சேலையை எந்த மேசையிலும் முழுசாக விரிக்க முடியாது, அந்தக் கணக்கே வேண்டாம். ஆனால் சேலைக்கு ப்ரீ-ப்ளீட்டிங், அதாவது கொசுவத்தை முன்கூட்டியே மடித்துத் தேய்த்துக் கொடுக்கும் வேலையை எடுப்பதாக இருந்தால் கதை வேறு. அதற்கு மேசையின் முழு நீளத்துக்கும் தேய்ப்புப் பலகையில் போடுவது போன்ற மெத்து வேண்டும். கம்பளியும் உறையும் மேசை அளவுக்கே தைத்து, வேண்டும்போது விரித்துக்கொள்ளுங்கள்.

10-க்கு 10 அறையாக இருந்தால் மேசையின் குறுகிய பக்கத்தைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். மற்ற மூன்று பக்கமும் நடக்க இடம் கிடைக்கும். நீளப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டினால் இடம் மிச்சமாவது போலத் தெரியும், ஆனால் வெட்டும்போது துணியைத் திருப்ப வேண்டிவரும். விரித்து நேர்படுத்திய துணியைத் திருப்பினால் அது மறுபடி கோணலாகிவிடும். துணியைச் சுற்றி நாம் நடக்க வேண்டும்.

பலகையும் சட்டமும்

பிளைவுட் வாங்கும்போது கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் பலகையில் அடித்திருக்கும் முத்திரையைப் படித்த பிறகே பணம் கொடுங்கள். ஐ.எஸ். என்பது இந்தியத் தர எண். ஐ.எஸ். 303 என்றால் பொது உபயோகப் பலகை. அதில் எம்.ஆர். என்று இருந்தால் ஈரக்காற்றை மட்டும் தாங்கும். பி.டபிள்யூ.ஆர். என்று இருந்தால் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளை. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் ஒட்டு விடக்கூடாது என்பது அதற்குரிய சோதனை. தேய்ப்புப் பலகைக்கு நாள்தோறும் நீராவி பிடிக்கும், அதற்குமேல் நம் ஊர்க் கடல்காற்று. பி.டபிள்யூ.ஆருக்குக் கீழே இறங்காதீர்கள். முடிந்தால் 710 வாங்குங்கள்.

முதல் முறை நான் முத்திரையைப் பார்க்கவில்லை. ஒரு கடையில் "வாட்டர் ப்ரூஃப்தாம்மா" என்றார்கள், நம்பி வாங்கிவிட்டேன். 2015 நவம்பர் மழையில் பத்து நாள் வெயிலே இல்லை. தேய்ப்புப் பலகையின் மேலேடு அப்பளம் போலக் கொப்புளித்து எழுந்தது. அதில் தேய்த்த காலர் ஒவ்வொன்றிலும் அந்தக் கொப்புளத்தின் தடம். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி வாங்கினேன், இரண்டு மடங்கு செலவு. அறுக்கும்போது மிஞ்சும் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, வீட்டில் மூன்று நான்கு மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவிட்டுப் பாருங்கள். ஏடு பிரிந்தால் அந்தப் பலகை நீராவிக்கு ஆகாது. பார்ட்டிக்கிள் போர்டு பக்கமே போக வேண்டாம். ஈரம் பட்டால் உப்பி உதிர்ந்துவிடும்.

கனம் 18 மில்லிமீட்டர். முழுப் பலகை 30 கிலோவுக்கு மேல் எடை வரும். அதனால் கடையிலேயே அறுத்து வாங்குவது நல்லது. 96-க்கு 48 அங்குலப் பலகையை முதலில் 60 அங்குலத்தில் குறுக்கே அறுக்கச் சொல்லுங்கள். கிடைக்கும் 60-க்கு 48 துண்டை நீளவாக்கில் 30, 18 என்று இரண்டாக்கினால் ஒன்று மேசையின் மேல்பலகை, இன்னொன்று கீழ்த் தட்டு. மிச்சமுள்ள 36-க்கு 48 துண்டை நடுவில் அறுத்தால் 36-க்கு 24-ல் இரண்டு. அதில் ஒன்று தேய்ப்புப் பலகை, மற்றது சின்ன வேலைகளுக்கு. ஒவ்வொரு அறுப்பிலும் பிளேடு சுமார் 3 மில்லிமீட்டர் தின்றுவிடும். மேல்பலகை மட்டும் அளவு குறையக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கால்களுக்கும் சட்டத்துக்கும் என் மேசையில் பலா மரம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. அப்போது அறுத்த மரத்தை ஆசாரி அண்ணன் நிழலில் அடுக்கி ஒரு வருஷத்துக்கு மேல் காயவைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு கால்கூட முறுக்கவில்லை. பலா கிடைக்காவிட்டால் நன்றாகக் காய்ந்த வேம்பு, வேங்கை எதுவானாலும் சரி. நம் பக்கம் சவுக்கு மலிவு, ஆனால் மேசைக் காலுக்கு வேண்டாம், வெடிக்கும். இரும்புச் சதுரக் குழாயில் வெல்டிங் செய்வதானால் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்ஸைடு பூச்சு இரண்டு கை, மேலே எனாமல் பெயின்ட் இரண்டு கை அடிக்க வேண்டும். குழாயின் அடிமுனையையும் அடைத்துவிடச் சொல்லுங்கள். தேவனாம்பட்டினம், முதுநகர் போலக் கடலுக்குப் பக்கத்தில் வீடு என்றால் நான் மரத்தைத்தான் சொல்வேன். இரும்பின் துரு முதலில் தெரிவது வெள்ளைத் துணியில்தான்.

பூட்டுதல்

34 அங்குல உயரத்துக்கான கணக்கு இது. உங்கள் உயரத்துக்குத் தக்கபடி கால்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கால்கள் இரண்டரை அங்குலச் சதுரம், நீளம் 33¼ (மேல்பலகையின் முக்கால் அங்குலத்தைக் கழித்தாயிற்று). சட்டங்கள் 3-க்கு 1 அங்குலத்தில்: 51 அங்குலம் மூன்று, 21 அங்குலம் நான்கு. சட்டத்தின் முனைகளைக் காலுக்குள் இறக்கிப் பூட்டுவதானால் முனைக்கு ஓர் அங்குலம் கூட்டி வெட்டுங்கள். அது ஆசாரி வேலை. நீங்களே செய்வதென்றால் இரும்பு ஆங்கிளும் ஸ்க்ரூவும் போதும்.

நீளச் சட்டம் இரண்டு மேலே முன்னும் பின்னும், ஒன்று கீழே பின்பக்கம். முன்பக்கம் கீழே வேண்டாம், நிற்கும்போது கால் இடிக்கும். குட்டைச் சட்டம் மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழ்ச் சட்டங்களைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் வையுங்கள். கெடிலம் ஆற்றங்கரையிலும் தென்பெண்ணைக் கரையிலும் இருப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மழைவெள்ளம் வீட்டுக்குள் வந்தாலும் கீழ்த் தட்டில் அடுக்கிய துணி நனையாமல் இருக்க அந்த ஓர் அடி வேண்டும். கால்களின் அடிமுனையில் பெயின்ட்டை நன்றாக ஊறவிட்டு, ரப்பர் புஷ் மாட்டுங்கள். மரம் தண்ணீரை உறிஞ்சுவது அந்த முனை வழியாகத்தான்.

பூட்டி முடித்த சட்டத்தின் வெளி அளவு 56-க்கு 26 இருக்கும். எதிரெதிர் மூலைகளுக்கு டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் 61¾ வந்தால் மூலைகள் சரி. ஒன்று கூடி ஒன்று குறைந்தால், கூடின மூலையை உள்நோக்கித் தள்ளி, சரியான பிறகு ஸ்க்ரூவை இறுக்குங்கள். மேல்பலகையைச் சட்டத்தின் மேல் வைத்தால் நாலு பக்கமும் 2 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஷிஃபான், ஜார்ஜெட் போல நழுவும் துணியைக் கிளிப் போட்டுப் பிடிக்க அந்த விளிம்பு வேண்டும். ஸ்க்ரூவை அடியிலிருந்தே போடுங்கள். மேலே ஒரு ஸ்க்ரூத் தலைகூட இருக்கக் கூடாது. 18 அங்குலக் கீழ்த் தட்டு கால்களுக்கு நடுவே நுழைந்து கீழ்ச் சட்டங்கள் மேல் உட்கார்ந்துவிடும், தனியாக அறுக்க வேண்டாம்.

மேல்பலகையில் மைக்கா ஒட்டினால் துணி வழுக்கிக்கொண்டு போகும், கத்தரியும் தடைபடாது. பளபளப்பான மைக்கா வேண்டாம், டியூப்லைட் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். சந்தன நிறத்தில் மேட் வகை வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டினால் நாளடைவில் பலகை வில் போல வளையும். அடிப்பக்கத்துக்கும் விலை குறைந்த மைக்காவை ஒட்டிவிடுங்கள். ஃபெவிகால் தடவி, மேலே எடை ஏற்றி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

விளிம்புக்கு மர பீடிங், அதாவது மெல்லிய மரப்பட்டி. 120 நம்பர் உப்புத்தாள், பிறகு 220. முடித்ததும் பழைய ஷிஃபான் துண்டு ஒன்றை விளிம்பு முழுக்க இழுத்துக்கொண்டே போங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே மறுபடி தேயுங்கள். கையால் தடவிப் பார்த்தால் தெரியாத பிசிறு ஷிஃபானுக்குத் தெரியும். அப்புறம், முன்பக்க பீடிங்கில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து அங்குலக் கோடுகளைப் பென்சிலால் போட்டு, அதன் மேல் வார்னிஷ் பூசுங்கள். இஞ்ச் டேப் நாளடைவில் நீண்டுவிடும், மரத்தில் போட்ட கோடு நீளாது. என் டேப் ஒன்று 60 அங்குலத்துக்கு முக்கால் அங்குலம் தப்பாகக் காட்டியதை இந்தக் கோடுகளை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

தேய்ப்புப் பலகை

இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். நிதானமாகச் செய்யுங்கள்.

தேய்க்கும் இடம் உள்ளே உறுதியாகவும் மேலே கொஞ்சம் மெத்தென்றும் இருக்க வேண்டும், நீராவியையும் குடிக்க வேண்டும். வெறும் மரத்தில் தேய்த்தால் உள்ளே மடங்கிய தையல் விளிம்பு வெளிப்பக்கம் கோடாகப் பதியும். அதிக மெத்தென்று இருந்தால் தையல் அமுங்காமல் புதைந்துபோகும். நடுவாந்தரம் வேண்டும். அதற்குத்தான் கம்பளி. கம்பளி சூட்டில் உருகாது, ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அழுத்தினால் அமுங்கித் திரும்ப எழும். ஃபோம், ரெக்சின், பாலியஸ்டர் போர்வை எதுவும் ஆகாது. பருத்திக்கு வைக்கும் மூன்று புள்ளிச் சூடு 200 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் பாலியஸ்டர் இளகிப் பெட்டியிலேயே ஒட்டிக்கொள்ளும்.

சந்தையில் கம்பளி என்று சொல்லி விற்பது எல்லாம் கம்பளி இல்லை. ஓரத்திலிருந்து நாலு நூலைப் பிரித்து, இடுக்கியில் பிடித்து, வாசலில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். நிஜக் கம்பளி மெதுவாகச் சுருண்டு எரியும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். மயிர் பொசுங்கும் வாடை வரும். ஆறிய பிறகு விரலால் நசுக்கினால் கரி பொடியாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிச் சொட்டும், ஆறினதும் மணி போல இறுகி நிற்கும், நசுங்காது. அப்படி ஒரு மணி கண்ணில் பட்டால் அந்தப் போர்வை வேண்டாம். கம்பளியே கிடைக்கவில்லை என்றால் பழைய பருத்தி வேட்டியையோ பெட்ஷீட்டையோ எட்டு மடிப்பாகப் போட்டுக்கொள்ளலாம். எங்கள் ஊர்த் தையல் கடைகளில் பல வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது.

36-க்கு 24 பலகையை எடுத்து, ஒரு பக்கத்தின் இரண்டு மூலைகளை மட்டும் தட்டு விளிம்பு போல வளைத்து வெட்டுங்கள். தோளையும் யோக்கையும் (தோளுக்குக் கீழே இணைக்கும் பட்டி) அங்கே மாட்டித் தேய்க்கலாம். பலகையில் மைக்கா கூடாது, பெயின்ட்டும் கூடாது. உப்புத்தாள் தேய்த்த வெறும் மரமாகவே இருக்கட்டும். நீராவி கம்பளி வழியாக இறங்கி மரத்தில் உறிஞ்சிக் காய வேண்டும். மைக்கா இருந்தால் அது கீழே போக வழியில்லாமல் தண்ணீராகத் தேங்கித் துணிக்கே திரும்ப வரும். சிலர் கம்பளிக்கு அடியில் அலுமினியம் ஃபாயில் போடுகிறார்கள். சூடு திரும்புகிறது என்பது உண்மைதான், ஈரமும் திரும்புகிறது. கடலோரத்தில் அது எனக்கு ஒத்துவரவில்லை.

பலகையின் அடியில் நாலு மூலையிலும் கால் அங்குல ரப்பர்த் துண்டு ஒட்டுங்கள். பலகைக்கும் மேசைக்கும் நடுவே காற்றுப் போகும், மேசை மைக்காவுக்குச் சூடு இறங்காது. வளைத்து வெட்டிய முனை மேசையின் விளிம்புக்கு வெளியே நாலு அங்குலம் நீட்டி நிற்கட்டும். அப்போது பலகை நகராமல் இருக்க, மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும்படி அடியில் ஒரு ரீப்பர்த் துண்டை (மெல்லிய மரச்சட்டம்) ஸ்க்ரூ செய்யுங்கள்.

இனி உறை. காடாத் துணி வாங்குங்கள், கெட்டி நெசவாக. வாங்கியதும் தைக்க வேண்டாம். அதில் கஞ்சி இருக்கும். வெந்நீரில் சோப்புப் போட்டு இரண்டு தடவை துவைத்துக் காயவையுங்கள். கஞ்சி போகும், சுருங்க வேண்டியது சுருங்கும். துவைக்காமல் தைத்த உறையில் பெட்டி பட்ட இடமெல்லாம் கஞ்சி கருகி மஞ்சள் திட்டாகும்.

கம்பளியை இரண்டு மடிப்பாகப் பலகை அளவுக்கே வெட்டி மேலே விரியுங்கள். ஒட்டவோ ஆணி அடிக்கவோ வேண்டாம். காடாத் துணியில் 48-க்கு 36 அங்குலம் ஒரு துண்டு. பலகையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 6 அங்குலம் கூடுதல் என்பது கணக்கு: கனத்துக்கு ஒன்று, அடியில் திரும்ப நான்கு, நாடாப் பட்டிக்கு ஒன்று. மூலைகளை வளைத்து வெட்டி, சுற்றிலும் பட்டி தைத்து, பாவாடைக்குக் கோர்ப்பது போல ஊக்கில் மாட்டி நாடா கோர்த்துவிடுங்கள். பலகையைத் துணி மேல் குப்புற வைத்து நாடாவை இழுத்தால் உறை அடியில் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். ஸ்டேப்ளர் அடிப்பதைவிட இது நல்லது. துருப்பிடிக்காது, அழுக்கானால் ஐந்து நிமிஷத்தில் கழற்றித் துவைக்கலாம்.

சரி, மெத்து சரியாக இருக்கிறதா? கட்டைவிரலால் ஓங்கி அழுத்துங்கள். அடியில் மரம் தட்டுப்பட வேண்டும், ஆனால் விரலுக்கு வலிக்கக் கூடாது. தட்டுப்படவே இல்லை என்றால் ஒரு மடிப்பைக் குறையுங்கள். ஆரி வேலைப்பாடு செய்த கை, மணி தைத்த கழுத்து இதெல்லாம் வரும்போது மட்டும் மேலே ஒரு டர்க்கி டவலை மடித்துப் போட்டு, வேலைப்பாடு கீழே பார்க்கும்படி வைத்துப் பின்பக்கம் தேயுங்கள். மணிகள் டவலுக்குள் புதைந்துகொள்ளும்.

கைப்பலகையும் மரத்தூள் திண்டும்

மிஞ்சிய 36-க்கு 24 துண்டிலிருந்து 20 அங்குல நீளத்தில் இரண்டு பலகை வெட்டுங்கள். அடிப்பலகை 6 அங்குல அகலம். மேற்பலகை ஒரு முனையில் 5, மறுமுனையில் 3½ என்று சரிந்து வரட்டும். அகலமான முனையில் 4 அங்குல உயரக் கட்டையை நடுவில் வைத்து இரண்டையும் ஸ்க்ரூவால் இணைத்தால், குறுகிய முனை அந்தரத்தில் நிற்கும். ஜாக்கெட் கையை அதில் மாட்டித் தேய்த்தால் இரண்டு பக்கமும் கோடு விழாது. இதற்கும் அதே கம்பளி, அதே நாடா உறை.

திண்டு எதற்கு? டாட் (உடல் வளைவுக்காகப் பிடிக்கும் கூம்பு மடிப்பு) பிடித்த ஜாக்கெட் முன்பாகம் தட்டையாக இருக்காது, குவிந்து நிற்கும். அதைத் தட்டைப் பலகையில் வைத்துத் தேய்த்தால் தையலில் கொண்டுவந்த குவிவை நாமே அமுக்கிக் கெடுத்துவிடுகிறோம். மரத்தூள் அடைத்த, முட்டை வடிவத் திண்டு ஒன்று செய்துகொள்ளுங்கள். நீளம் 14 அங்குலம், அகலம் பெரிய முனையில் 10, சின்ன முனையில் 7. ஒரு முகம் இரட்டைக் காடாத் துணி, மறு முகம் மிஞ்சிய கம்பளி. சின்ன முனையில் 5 அங்குலம் விட்டுச் சுற்றித் தையுங்கள்.

மரத்தூளை இரண்டு நாள் வெயிலில் காயவைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். சில்லுகள் கிடந்தால் துணியைக் குத்திக் கிழிக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, பலாத் தூள் வேண்டாம். பலாக் கட்டையில் மஞ்சள் சாயம் உண்டு, நீராவி பட்டால் அது துணியில் இறங்கும். ஆசாரி பட்டறையில் எல்லாத் தூளும் ஒன்றாகக் கிடக்கும், கேட்டு வாங்குங்கள். ஒரு கைப்பிடி போட்டுப் பூரிக்கட்டையால் இடித்து, மறுபடி ஒரு கைப்பிடி போட்டு இடித்து, இனி இடமே இல்லை என்ற பிறகும் நாலு கைப்பிடி போகும். கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. அதன் பிறகு இரட்டை நூலில் வாயைக் கையால் தைத்து மூடுங்கள்.

மின்சாரம், தண்ணீர், வெளிச்சம்

1000 வாட் பெட்டி நாலரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், 2000 வாட் ஸ்டீம் பெட்டி ஒன்பது ஆம்பியர் வரை போகும். பெரிய பெட்டிக்கு 16 ஆம்பியர் பிளக்கும் நல்ல எர்த்தும் கட்டாயம். மெல்லிய ஒயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். பிளக் மேசைக்கு மேலே, தேய்ப்புப் பலகை வைக்கும் பக்கத்தில் வரட்டும். ஒயரை மேலே ஒரு கொக்கியில் தொங்கவிட்டால் துணி மேல் புரளாது. பெட்டியை நிறுத்தக் கடப்பாக்கல் துண்டு ஒன்று போதும், கல் கடையில் கழிவாகக் கிடக்கும்.

கடலுக்குப் பக்கத்துத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. அதை ஸ்டீம் பெட்டியில் ஊற்றினால் துவாரம் அடைத்துக்கொள்ளும், பட்டில் தெளித்தால் வெள்ளைத் திட்டு விழும். ஆர்.ஓ. தண்ணீரோ, வடிகட்டிய மழைத்தண்ணீரோ பயன்படுத்துங்கள்.

டியூப்லைட் மேசைக்கு நேர் மேலே, நீளவாக்கில் இருக்கட்டும். வலக்கைக்காரருக்கு ஜன்னல் இடப்பக்கம் வந்தால் கத்தரியின் நிழல் கோட்டில் விழாது.

மேசையோடு வேலை செய்வது

வெட்டுவதற்கு முன் துணியைத் தேயுங்கள், லைனிங்கை நனைத்துக் காயவைத்துத் தேயுங்கள். தேய்க்கும்போது பெட்டியை இழுக்காதீர்கள். வைத்து, அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு தையலையும் முதலில் தைத்தபடியே ஒரு தடவை அழுத்திவிட்டு, அப்புறம் விரித்துத் தேயுங்கள். அடுத்த தையல் அதைக் குறுக்கே கடப்பதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். மிஷினிலிருந்து எழுந்து இரண்டே எட்டில் பலகைக்குப் போகும்படி இருந்தால்தான் இதைச் சோம்பல் படாமல் செய்வோம். வேறொரு அறையில் இருந்தால் "எல்லாம் தைத்துவிட்டுக் கடைசியில் தேய்க்கலாம்" என்று தோன்றும், அப்போது உள்தையலுக்குப் பெட்டி எட்டாது.

வேலை முடிந்ததும் பலகையைப் படுக்கவைத்தபடி விடாதீர்கள். ஆறு கிலோதான் இருக்கும், தூக்கிச் சுவரோரம் சாய்த்து நிறுத்தினால் ராத்திரிக்குள் ஈரம் போய்விடும். ஐப்பசி கார்த்திகையில் வெயில் கண்ட நாளெல்லாம் உறையைக் கழற்றி, கம்பளியையும் பலகையையும் திண்டையும் மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் போட்டு எடுங்கள். இல்லையென்றால் கம்பளியின் அடியில் சாம்பல் நிறத்தில் பூஞ்சைப் புள்ளி வரும். ஒருமுறை வந்த புள்ளி துவைத்தாலும் போகாது.

உறை தைக்கும்போதே இரண்டாகத் தைத்துவிடுங்கள். மெரூன், கறுப்பு, கருநீலம் எல்லாம் நீராவியில் கொஞ்சம் சாயம் விடும். அந்தச் சாயம் உறையில் இறங்கி, அடுத்து வரும் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் ஏறும். கருநிறத் துணிக்கு ஒரு உறை, வெளிர் நிறத்துக்கு ஒரு உறை. துவைத்து மடித்த பிறகு இரண்டும் ஒன்று போலவே தெரியும் என்பதால், கருநிறத்துக்கான உறைக்குச் சிவப்பு நாடா கோர்த்திருக்கிறேன்.